எனக்குப் போட்ட மார்க்

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் கழுத்தின் குறுக்கே ஓடிய தழும்பையே பார்த்துக்கொண்டு வந்தவர், கூனிமேடு தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, தூக்குல தொங்கப் பாத்தியா?"

"இல்லங்க. தைராய்டு ஆபரேஷன். கேன்சர்."

கேட்டதும் அவர் மடியில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு, முன்னால் காலியாக இருந்த சீட்டுக்குப் போய்விட்டார். தூக்கில் தொங்கியவளாக இருந்திருந்தால் மரக்காணம் வரைக்கும் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்திருப்பார்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கு டீச்சர். உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருக்களில் பாதிப் பெண்கள் விடியுமுன்னே உப்புப் பாத்திக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் என் மையத்தில் இருந்தார்கள். எடை போடுவது, சத்துமாவு உருண்டை பிடிப்பது, தடுப்பூசி போட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, மத்தியானம் பாய் விரித்துத் தூங்க வைப்பது என்று பதினாறு வருஷம் ஓடிவிட்டது.

கட்டியை முதலில் பார்த்தது எனக்கு ஜாக்கெட் தைக்கும் பெண். அளவெடுக்கப் போனபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "டீச்சர், முழுங்கும்போது கழுத்துல ஏதோ ஏறி இறங்குது. பாருங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தார்கள். ரிப்போர்ட் வந்தது. புதுச்சேரியில் டாக்டர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. கேன்சர்லயே இதான் நல்ல கேன்சர்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. நல்ல கேன்சர் என்றால், நான் அழக்கூடாதா? தொண்டையை அறுத்து எடுத்துவிட்டு, சாகும்வரை தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை போடச் சொல்லிவிட்டு, அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்துவிட்டால் ஆயிற்றா?

என் கணவர் உப்பு லோடு ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யார் கேட்டாலும் தைராய்டுன்னு மட்டும் சொல்லு. அந்த வார்த்தைய சொல்லாத."

"ஏன்? நான் திருடிட்டா வந்திருக்கேன்?"

"நமக்குப் பொண்ணு இருக்குது. நாளைக்கு அதைக் கேட்டு வர்றவங்க யோசிப்பாங்க."

கழுத்தைத் திறந்து தையல் போட்டு வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளவும் சொன்னார். ஒரு வாரம் போட்டுக்கொண்டேன். சித்திரை வெயிலில் வியர்த்துத் தையல் போட்ட இடம் அரித்தது. எடுத்து எறிந்தேன்.

அடுத்து ரேடியோ அயோடின், மிச்சமிருக்கும் கேன்சரைக் கதிர்வீச்சால் அழிக்கும் மருந்து. அதற்கு முன்பு இரண்டு வாரம் அயோடின் கலந்த உப்பு கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. பிறகு சென்னையில் ஒரு தனி அறையில் ஒரு மாத்திரை கொடுத்து மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டு நர்ஸ் நகர்ந்துவிடுவார். விடும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "ரெண்டு வாரத்துக்குச் சின்னப் பிள்ளைங்களைத் தூக்காதீங்க, பக்கத்துல படுக்க வெச்சுக்காதீங்க. அப்புறம் ஒரு பிரச்னையும் இல்ல." அதைத் தமிழிலேயே எழுதியும் கொடுத்தார். நான் பயந்து ஒரு மாதம் லீவில் இருந்தேன்.

இந்த ரேடியோ அயோடின் விஷயத்தை ஊரில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னைவிடப் பத்து வயது சின்னவள், உப்பளத்தில் வேலை. அவளுக்குப் பிரசவ வலி வந்த அன்று ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனது நான். நான் இதைச் சொன்னபோது அந்தக் குழந்தைக்கு மூன்று வயது. மையத்தில் மற்ற பிள்ளைகள் பாயில் தூங்கும். அது மட்டும் என் மடியில்தான் தூங்கும்.

லீவு முடிந்து மையத்தைத் திறந்த அன்று ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். மறுநாள் நான்கு. என்னோடு வேலை பார்க்கும் உதவியாளர் அம்மா சுண்டலை வடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உன் உடம்புல கரண்ட்டு மாதிரி ஏதோ ஏத்தி அனுப்பிட்டாங்களாமே டீச்சர். தொட்டா பிள்ளைங்களுக்கும் கழுத்துல கட்டி வருமாம். அப்படித்தான் பேசிக்கிறாங்க."

நான் அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னது ஒருத்தியிடம்தான். அவளுடைய பிள்ளைதான் முதலில் வராமல் நின்றது.

அந்த வாரமே சூப்பர்வைசர் மேடம் வந்தார். டாக்டர் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஜனங்களுக்கு யார் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க மேடம். மீட்டிங் போடுங்க. நான் கூட்டிட்டு வர்றேன்."

"என்னை எதுக்கும்மா இழுக்கறீங்க? ஒரு ஆறு மாசம் லீவு எழுதிக் குடுத்துடுங்க. அதுக்குள்ள மறந்துடுவாங்க."

"லீவுல போன்னு நீங்க எழுத்துல குடுங்க மேடம். கேன்சர் வந்ததால போன்னு காரணத்தையும் சேர்த்து எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. காலிப் பாய்களைப் பார்த்தபடி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் செக்கப்புக்காகப் புதுச்சேரி போனேன். ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். படித்துக்கொண்டிருப்பவள், கையில் அட்டையும் தாள்களும். தைராய்டு கேன்சர் வந்தவர்கள் சமுதாயத்தில் ஒதுக்கப்படுவதாக எவ்வளவு உணர்கிறார்கள், அதனால் மனசுக்கு எவ்வளவு ஆபத்து என்று ஆய்வு செய்கிறாளாம். பெயர் போட மாட்டார்களாம். சரி என்றேன். அவள் வாசிக்க வாசிக்க நான் 'ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும்' இந்த நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"கடந்த ஒரு மாதத்தில், மற்றவர்கள் உங்களைத் தவிர்ப்பதாக உணர்ந்தீர்களா?"

"எப்பவும்."

"உங்கள் தோற்றத்தைக் குறித்து வெட்கமாக உணர்ந்தீர்களா?"

"இல்லவே இல்ல. அரிப்புதான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"நோய் வந்ததற்கு நீங்களே காரணம் என்று உணர்ந்தீர்களா?"

அந்த இடத்தில் நிறுத்தினேன். "ஏம்மா, எல்லாக் கேள்வியிலயும் உணர்ந்தீர்களா, உணர்ந்தீர்களான்னே இருக்குதே. ஒதுக்கினாங்களான்னு ஏன் ஒரு கேள்வி இல்ல? பதினெட்டுப் பிள்ளைங்க வரல. அது நான் உணர்ந்ததா? ரெஜிஸ்டரைக் கொண்டாந்து காட்டவா?"

"இது ஏற்கெனவே தயார் பண்ண கேள்விங்க மேடம். நான் மாத்தக் கூடாது."

அவளைத் திட்டி என்ன பயன்? மிச்சக் கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா? காரணத்தோடுதான் வருகிறது என்றேன், அதற்குக் கட்டமில்லை. உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியதா என்ற கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்றேன். அது பொய். காலி மையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் தோன்றியது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவள் கூட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "மேடம், உங்களுக்கு மார்க் அதிகமா வருது. ரிஸ்க்குன்னு அர்த்தம். மனநல டாக்டரைப் பாத்துட்டுப் போறீங்களா? நானே கூட்டிட்டுப் போறேன்."

கதை கட்டினவள் நிம்மதியாகத் தூங்குகிறாள், லீவில் போ என்றவர் ஜீப்பில் போகிறார், மார்க் எனக்கா? அப்படியே கேட்டுவிட்டேன். சத்தம் போட்டால் என் குரல் இப்போதெல்லாம் உடையும். உடைந்த குரலில் கத்தியதில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பயந்தாலும் ஓடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, நிரப்பாத கேள்வித்தாள் ஒன்று கேட்டேன்.

"எதுக்கு மேடம்?"

"எங்க ஊர்ல கேக்க வேண்டியவங்க இருக்காங்க."

வேறு நோயாளிகள் என்று நினைத்து இரண்டு தாள் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நேராகக் கதை கட்டினவள் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து, வாசலில் காலில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொம்பு கையிலேயே நின்றது. பிள்ளை உள்ளே இருந்து ஓடி வந்தது. அவள் சட்டென்று அதன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். கேள்விகளைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

"ஒரு மாசமா என்னைத் தவிர்க்கிறியா? ஒருபோதும் இல்ல, சில சமயம், அடிக்கடி, எப்பவும். எது?"

"என்னக்கா இது…"

"சொல்லுடி. எது?"

"எப்பவும்" என்றாள், தரையைப் பார்த்து. டிக் போட்டேன்.

"என்னைப் பத்தி மத்தவங்க கிட்ட பேசினியா?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். மறுபடி கேட்டேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆமா, சொன்னேன். இப்ப என்ன பண்ணச் சொல்ற? எங்கம்மா மார்ல கட்டி வந்து செத்துச்சு, தெரியுமா உனக்கு? அழுகின புண்ணைத் தனியா கழுவினது நான். சொந்தக்காரங்க ஒருத்தர் வாசப்படி மிதிக்கல. எனக்கு வந்துடுமோ, என் பிள்ளைக்கு வந்துடுமோன்னு நான் பயந்து பயந்து சாவறேன்."

அவள் அம்மா எப்படி இறந்தார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வயிற்று வலி என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

"யாரும் வாசப்படி மிதிக்காதது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எனக்குச் செஞ்ச?"

அவள் அழுதாள். இந்த இடத்தில் என் மனசு இளகியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இளகவில்லை. தெரியாமல் செய்தவர்களைவிடத் தெரிந்து செய்தவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. டாக்டர் கடிதத்தை அவள் கையில் கொடுத்து, அவளையே சத்தமாகப் படிக்க வைத்தேன். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நல்லது, கேட்கட்டும் என்று இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

"யார் யார் கிட்ட சொன்னியோ, அவங்க கிட்ட எல்லாம் போய் இதைப் படிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

படித்துக் காட்டினாளா என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் பிள்ளையோடு மையத்து கேட்டில் வந்து நின்றாள். "ஒரு வாரம் விட்டுப் பாக்கறேன்கா" என்றாள். என்னை வைத்துப் பரிசோதனை! வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன், பிள்ளைக்குப் பசி. அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகள் கடைசிவரை வரவில்லை. வேறு மையத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த செக்கப்பில் அந்தப் படிக்கிற பெண்ணிடம் நான் டிக் போட்ட தாளைக் கொடுத்தேன். இதை ஆய்வில் சேர்க்க முடியாது என்றாள். ஆனால் நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தாள். அன்றைக்கு அவளோடு மனநல டாக்டரிடம் போனேன். அந்தப் பொய்யான பதிலைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொன்னபோது பாரம் கொஞ்சம் இறங்கியது, மறுக்கவில்லை. இப்போது தூக்கம் வருகிறது. கோபத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வீட்டில் அதைச் செய்வதில்லை. அந்தக் கோபம் இல்லாமல் இருந்திருந்தால் நான் ஆறு மாத லீவில் போயிருப்பேன்.

கதை கட்டினவளோடு இப்போதும் பேசுகிறேன். பிள்ளையின் எடை, காய்ச்சல், தடுப்பூசித் தேதி, அவ்வளவுதான். போன மாதம் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். பத்திரிகையோடு வீட்டுக்கே வந்து, "கண்டிப்பா வரணும்கா" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். நான் போகவில்லை.