ஒரு நாள் மேய்ச்சல்

மேலநீலிதநல்லூர் வள்ளித்தாய் பிறந்ததும் ஆட்டுக்காரர் வீட்டில், வாழ்க்கைப்பட்டதும் ஆட்டுக்காரர் வீட்டில். புருஷன் செல்லச்சாமி மூட்டுவலியில் முடங்கியபின் செம்மறி மந்தை முழுக்க அவள் பொறுப்பு. மழை பெய்தால் ஊரைச் சுற்றி மானாவாரிக் காட்டில் மேய்ப்பாள். கோடையில் வாசுதேவநல்லூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் மந்தையை ராத்தங்க அடைத்துக் கிடை போடுவாள். ஆட்டுக்கு மேய்ச்சல், வயலுக்கு எரு. இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது. வயல்காரர் கையால் வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் அந்தக் கோடை முழுக்க அந்தப் பேச்சுதான் பேச்சு.

அவள் மேய்த்த மேட்டுக்காட்டை வளைத்து வேலி போட்டு ஒரு கம்பெனி சோலார் பேனல்களை நட்டது. போகட்டும், விற்றவன் விற்றான், வாங்கினவன் வாங்கினான். அவள் வயிறு எரிந்தது அதற்கு இல்லை.

தை மாதம் கம்பெனி மேனேஜர் நிர்மலாதேவி வீடு தேடி வந்தார். பசுமைப் பொருளாதாரத்தில் எந்த நாடு முந்துகிறது, எந்த நாடு பிந்துகிறது என்று ஒப்பிட்டு மார்க் போட வெளிநாட்டுக் குழு ஒன்று வருகிறதாம்.

“ஜெர்மனியில பேனலுக்கு அடியில ஆடு மேயுதும்மா. புல்லும் கட்டுப்படும், ஆடும் பிழைக்கும். அந்த இடத்துலதான் நம்ம மார்க் அடிபடுது. நீங்க மந்தையை ஓட்டிட்டு வாங்க.”

“ஒருநாளைக்கா, எப்பவுமேவா?” என்று கேட்டாள் வள்ளித்தாய்.

“எப்பவுமேதான்.”

குழு வந்தது. பேனல் நிழலில் புல் முழங்கால் உயரம் நின்றது. ஆடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. வெள்ளைக்காரர்கள் படமாக எடுத்துத் தள்ளினார்கள். அவர்கள் பார்க்க, நிர்மலாதேவி வெற்றிலை பாக்குத் தட்டை வள்ளித்தாய் கையில் கொடுத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரி! பேச்சு முடிந்தது என்றே நம்பிவிட்டாள். சாயங்காலமே வாசுதேவநல்லூர் வயல்காரர் பொன்னுச்சாமிக்குப் போன் போட்டாள்.

“அண்ணாச்சி, இந்த வருசம் கிடைக்கு நாங்க வரல. வேற ஆளு பாத்துக்கிடுங்க. இங்கனயே மேய்ச்சல் கிடைச்சிட்டு.”

மறுநாள் மந்தையோடு போனால் கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஆட்கள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆடு வயரைக் கடித்துவிடுமாம், வாட்ச்மேன் சொன்னான். பச்சைப் புல்லைக் கருக்கியா பசுமை வளர்ப்பார்கள்? நிர்மலாதேவி போனை எடுக்கவே இல்லை.

ஒரு வாரம் கேட்டுக்கு அலைந்து ஓய்ந்து, பொன்னுச்சாமியிடம் ஓடினாள். அதற்குள் அவர் வேறொரு மந்தைக்காரருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்திருந்தார்.

“வாக்குக் குடுத்துட்டேனே தாயி. நான் என்ன செய்ய?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சுற்றுவட்டாரத்து வயல்களும் பேசி முடிந்திருந்தன.

பங்குனியில் புல் பூண்டு இல்லை. குட்டிகள் எலும்பும் தோலுமாயின. சங்கரன்கோவில் சந்தையில் மந்தையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவள், அங்கே விளம்பரத் தட்டியில் தன் முகத்தையே பார்த்தாள். சுற்றிலும் அவள் ஆடுகள். ‘உலகத் தரத்தில் பசுமை’ என்று எழுதியிருந்தது. தூ! என்ன பிழைப்பு இது?

ஆடியில் நிர்மலாதேவி மறுபடி வந்தார். வாய் கொள்ளாத சிரிப்பு. ஜெர்மனிக்குச் சமமாக மார்க் கிடைத்துவிட்டதாம். அடுத்த குழு வருகிறதாம்.

“ஆடு இல்ல. வித்தாச்சி” என்றாள் வள்ளித்தாய்.

“பரவாயில்லம்மா, ஆட்டை வாடகைக்குப் பிடிச்சிடலாம். நீங்க மட்டும் வந்து நில்லுங்க. உங்க முகம்தான் எல்லாருக்கும் பழகியிருக்கு.”

வள்ளித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏம்மா, அந்த ஜெர்மனியிலயும் ஆட்டுக்காரி பிழைப்புல மண்ணைப் போட்டுட்டு, படம் எடுக்க மட்டும் கூப்பிடுதாவளா?”

நிர்மலாதேவி கட்டிலில் கிடந்த செல்லச்சாமி பக்கம் திரும்பி, ஊரில் வேறு யாரிடம் செம்மறி இருக்கிறது என்று கேட்டார்.