அல்சூரில் அழிந்த இரண்டு வருடங்கள்

ஞாயிறுதோறும் பெங்களூரை நடந்தே சுற்றிவிட்டு, பார்த்ததையெல்லாம் என் கையடக்கக் கணினியில் எழுதி வைப்பேன். இரண்டு வருடக் குறிப்புகள். பேட்டரியைக் கழற்றினால் ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். தெரிந்தும், அன்று புது பேட்டரி வாங்கப் போன அல்சூர் கடையில் சைஸ் காட்டுவதற்காகக் கழற்றி நீட்டினேன்.

"இருங்க சார், உள்ள இருக்கு" என்று போன கடைக்காரர் வருவதற்குள் அத்தனையும் போய்விட்டது.

"இனிமேலாவது நோட்டுல எழுதுங்க" என்றாள் மனைவி.

"மாட்டேன். தப்பு என்னோடது, மிஷின் என்ன பண்ணும்? மறுபடியும் நடப்பேன், மறுபடியும் அதுலயேதான் எழுதுவேன்."



அடுத்த ஞாயிறு ஆஸ்டின் டவுனிலிருந்து மீண்டும் தொடங்கினேன். கிளம்பும்போது அவள் கொடுத்த பையில் நோட்டுதான் இருக்கும், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற வீம்போடு வழியில் திறந்தேன்.

உள்ளே நான்கு புது பேட்டரிகள் இருந்தன.