அக்கா உயிரோடு இருந்த அந்த ஒரு நாள்

அக்காவை நினைத்து இன்று கூடியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், கடல் கடந்து வந்திருக்கும் மன்றத்து அன்பர்கள் அனைவருக்கும் தம்பியாகிய என் வணக்கம். இந்த நினைவு மலரில் நான் எழுதியிருப்பவற்றில் பாதி உங்களுக்குத் தெரிந்தவை. மீதிப் பாதி ஓராண்டாக நான் யாரிடமும் சொல்லாதது. பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

அக்கா பிறந்தது நம் ஊரில், மாதா கோவில் தெருவில். நாங்கள் இருவர்தான். அப்பா கட்டுமரம் ஏறியவர். நாகர்கோவிலில் நர்சிங் படிக்க அக்காவை அனுப்பியபோது தெருவில் பலர் சிரித்தார்கள். படித்து முடித்த இரண்டாம் ஆண்டு திருமணம். மகள் ஜெசிக்கு மூன்று வயதாகும்போது அத்தான் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருக்கு ஆண்டு நினைவுத் திருப்பலி முடித்த மறுவாரம் அக்கா அமீரகத்தின் அஜ்மானுக்கு விமானம் ஏறினார். ஜெசி தன் சித்தப்பா, அதாவது அத்தானின் தம்பி வீட்டில் வளர்ந்தாள். ஏழு ஆண்டுகள் கழித்து அக்காதான் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார்.

தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு கிளினிக்கில் அக்காவுக்கு வேலை. டூட்டி முடிந்தால் மன்றம். நம் ஊர்க்காரர்களும் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரத்துக்காரர்களும் சேர்ந்து நடத்தும் சேவை மன்றம் அது. ஞாயிறுதோறும் தொழிலாளர் தங்கும் கேம்ப்களுக்குப் போய் இரத்த அழுத்தம் பார்ப்பது, நோன்பு மாதத்தில் கேம்ப்களில் இஃப்தார் பொட்டலம் கொடுப்பது, கோடையில் கட்டுமான சைட்களில் மோர் கொடுப்பது, இரத்த தானம் என்று வேலைகள் இருந்தன. எல்லாவற்றிலும் கடினமான வேலை, இறந்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்புவது. போலீஸ், மருத்துவமனை, தூதரகம், விமான நிலையச் சரக்குப் பிரிவு என்று நான்கு இடத்தில் காகிதம் நகர வேண்டும். அந்த வேலையை ஒழுங்குபடுத்தியவர் அக்கா.

ஒருமுறை கேம்பில் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். சிவகங்கைப் பக்கம் இருந்த அவர் மனைவிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மன்றத்திலிருந்து மட்டும் பதினோரு போன். ஒவ்வொருவரும், செய்தி உண்மைதானா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அக்கா அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்று, “அழுதுகிட்டு இருக்கவள எழுப்பி எழுப்பி, உம் புருசன் செத்தது நெசமான்னு கேக்கிய. இதுக்குப் பேரு சேவையா?” என்றார். 

அதன் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. வீட்டாருடன் ஒருவர் மட்டும் பேச வேண்டும். பாஸ்போர்ட் நகல் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள். யாரும் யாரையும் திருப்பிக் கேட்கக் கூடாது. அவரவர் தம் பங்கைத் தொடங்கிவிட வேண்டும். ஒருவர் தூதரகத்துக்குப் போவார், ஒருவர் விமான நிலையத்துக்குப் பேசுவார், முருகேசன் அஞ்சலிப் படம் செய்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புவார். முருகேசன் புதுக்கோட்டைக்காரர். ஷார்ஜாவில் விளம்பரப் பலகைக் கடையில் வேலை. அக்கா அவரை “அஞ்சலி ஆபீசர்” என்றுதான் கூப்பிடுவார். அவரும் சளைக்காமல், “சிஸ்டர், உங்க போட்டோ நல்லதா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்” என்பார். இருவரும் சிரிப்பார்கள்.

அக்கா குறையில்லாதவர் என்று நான் எழுதப்போவதில்லை. கடைசியாக லீவில் ஊருக்கு வந்தபோது, முப்பது நாளில் இருபதாம் நாளே திரும்பிவிட்டார். அல் ஐன் பக்கம் ஒருவருடைய உடல் காகிதச் சிக்கலில் இரண்டு வாரமாகக் கிடந்தது, தான் போனால்தான் நகரும் என்றார். ஜெசி வழியனுப்ப வரவில்லை. “கேம்ப்ல இருக்கவங்களுக்குத்தான் அவங்க அம்மா. எனக்கு போன்ல வர்ற ஆளு” என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அது அக்காவின் காதுக்கும் வந்தது. அதற்குப் பிறகு அந்த இருவருக்கும் நடுவே சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

அடுத்த மார்ச்சில் அக்கா காய்ச்சல் என்று படுத்தார். நுரையீரலில் தொடங்கிய கிருமி இரத்தத்தில் கலந்து, ஐ.சி.யூ.வில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒன்பதாம் நாள் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, பார்க்க வேண்டியவர்கள் இரண்டு நாளைக்குள் வந்துவிட வேண்டும் என்றார். அக்காவுக்கு நினைவு இருந்தது. ஆக்சிஜன் முகமூடியை விலக்கி ஒரே கேள்விதான் கேட்டார். “ஏல, ஜெசி வருவாளா?”

கேட்ட உடனே ஜெசி கிளம்பச் சம்மதித்துவிட்டாள். விசாவையும் டிக்கெட்டையும் மன்றத்தின் செயலாளர் அண்ணாச்சி ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தார். திருவனந்தபுரத்திலிருந்து மதியம் விமானம். சித்தப்பா அவளைக் காரில் காலையிலேயே அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அக்காவிடம் சொன்னேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டுத் தலையை வாரிவிடச் சொன்னார்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பார்வையாளர் நேரம். ஐ.சி.யூ. வாசலில் நான் நிற்கும்போது அண்ணாச்சி போன் செய்தார். “தம்பி, தப்பா நெனைக்காதிய. பேப்பர எல்லாம் ஒரு எடத்துல வச்சுக்கிடுவோம். அக்காவே அப்படித்தான சொல்லுவா. பாஸ்போர்ட், ஐடி காப்பி மட்டும் அனுப்பி வைங்க” என்றார். அவர் கேட்டது அவருடைய எண்ணுக்கு. போனில் மன்றத்தின் குழு மேலேயே இருந்தது. எல்லாம் ஒரே ஆட்கள்தானே என்று நினைத்து அதில் போட்டேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா இருக்கிறார் என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நான் உள்ளே இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அக்கா வெளியே இறந்துபோனார்.

நகலைக் குழுவிலேயே கண்ட அண்ணாச்சியும் அதற்குள் முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். முருகேசன் வழக்கப்படி யாரையும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் படம் செய்து அனுப்பிவிட்டார். அது துபாய், குவைத், கத்தார் என்று சுற்றி நம் ஊர்க் குழுவுக்கு வந்தது. கார் அப்போது நெய்யாற்றின்கரை தாண்டியிருந்தது, விமான நிலையம் அரை மணி தூரம். சித்தப்பாவுக்கு ஊரிலிருந்து போன் மேல் போன். வளைகுடாவில் ஒருவர் இறந்தால் உடல்தான் ஊருக்கு வரும், நாம் போவதில்லை. அதனால் அவர் காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வெளியே வந்து போனை எடுத்தால் நூற்றுக்கும் மேலே செய்திகள். எல்லாம் ஆழ்ந்த இரங்கல். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் கால் அசைவது எனக்குத் தெரிகிறது. முதலில் நான் செய்த காரியம், குழுவில் நான் போட்ட நகலை அழித்தது. அடுத்ததாகத்தான் ஜெசிக்கு போன் செய்தேன். அந்த வரிசை என்னால் மறக்க முடியாதது. ஜெசி போனை அணைத்து வைத்திருந்தாள். சித்தப்பாவின் எண் அரை மணி நேரம் கிடைக்கவில்லை. துக்கம் விசாரிப்பவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிடைத்தபோது நாகர்கோவில் வந்துவிட்டிருந்தார்கள். மறுபடி திருப்பி ஓட்டினார்கள். கவுண்டர் மூடிவிட்டது. அடுத்த விமானம் மறுநாள் அதே நேரம்.

மாலையில் அக்கா கேட்டார். “அக்கா, பிளேன் எறங்கிட்டு. ஜெசி வீட்ல இருக்கா, குளிச்சிட்டு வாரா” என்றேன். பார்வையாளர் நேரம் முடியும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்ததும் முகமூடியை இழுத்தார்.

“இன்னுமா குளிக்கா?”

 இமிகிரேஷன், கூட்டம் என்று ஏதோ சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“ஏல, ஆஸ்பத்திரியில எப்படிப் பொய் சொல்லணும்னு எனக்குத் தெரியும். உனக்கு வரல.” பிறகு, “வரலைன்னா விடு. நான் போகாம விட்டேன், அவ வராம விட்டா. பிள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது” என்றார்.

மகள் கோபத்தில் வர மறுத்துவிட்டாள் என்று நினைத்தே அக்கா கண்ணை மூடினார். ஜெசி விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள், நேற்றே வந்திருப்பாள், நான்தான் கெடுத்தேன் என்று அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கேட்கும் நினைவு இருந்தது. சொல்லவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது.

சித்தப்பாவுக்குச் சொன்னேன். “நல்லாப் பாத்தியளா? டாக்டர் சொன்னாரா, மன்றத்துல சொன்னாங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். அவர் ஜெசிக்குச் சொன்னபோது அவள் நம்பவில்லை. நேற்றும் இப்படித்தான் சொன்னார்கள் என்று போனை வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். அம்மா உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்பில் நான்கு மணி நேரம் பறந்து வந்தாள். மருத்துவமனைக் காகிதங்களில் கையெழுத்துப் போட நான் நிற்க வேண்டியிருந்ததால், அண்ணாச்சி அவளை விமான நிலையத்திலிருந்து நேரே அங்கே அழைத்து வந்தார். பிணவறைப் பக்கம் வண்டி திரும்பியபோதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது.

இறங்கியவள் அழவில்லை. வாசலில் நின்ற மன்றத்துக்காரர்களையும் என்னையும் பார்த்து, “நேத்து அந்தப் படத்தப் போட்டது யாரு?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் முருகேசன், “நான்தாம்மா” என்றார். அவள் அவர் முகத்தில் காறித் துப்பினாள். அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாவது அஞ்சலிப் படத்தை வேறொருவர் செய்தார். அதற்குக் குழுக்களில் யாரும் பதில் போடவில்லை. எல்லோரும் முந்தின நாளே அழுது முடித்திருந்தார்கள்.

காகிதங்கள் ஒரு நாள் முன்னதாகவே நகர்ந்துவிட்டதால், மன்றம் அனுப்பிய உடல்களிலேயே விரைவாக ஊர் வந்தது அக்காவின் உடல். அடக்கத்தன்று உங்களில் பலர் அதைப் பாராட்டினீர்கள். முருகேசனைத் திட்டி நம் ஊரிலிருந்து எத்தனை பேர் போன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் மன்றம் அவரை நீக்கியது. நகல் யார் போனிலிருந்து வந்தது என்று அண்ணாச்சிக்கும் குழுவில் பார்த்த இரண்டொருவருக்கும் தெரியும். துக்க வீட்டுக்காரன் என்று என்னை விட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் முருகேசனின் கடைக்குப் போய், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்க வீட்ல சாவு சார். அன்னிக்கு உங்க பேரையும் சொன்னா, அந்தப் பொண்ணுக்கு மாமான்னு சொல்லிக்கக்கூட ஆளு இருந்திருக்காது” என்றார். பேசிக்கொண்டே பலகையில் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளிப் பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் கீழே இறங்கிப் போய் ரோட்டில் நிற்கிறேன். மனைவியின் போன் எங்கேஜ்டாக இருந்தால் எடுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரையால் தீருகிற காரியம் இல்லை என்று தெரிந்து, போன மாதம் ஜெசிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா கடைசியாக என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பதையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, “இத எங்கிட்ட மட்டும் சொல்லி முடிச்சிராதீங்க மாமா. புக்குல போடுங்க. எல்லாரும் படிக்கட்டும்” என்றாள். அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. மலருக்கான அக்காவின் படத்தைச் சித்தப்பா மூலம் அனுப்பியிருந்தாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி நாள் வரை அக்காவைத் தம் தாயைப் போல் பார்த்துக்கொண்ட ஐ.சி.யூ. நர்ஸ்களுக்கும், விசாவுக்கு அலைந்த செயலாளர் அண்ணாச்சிக்கும், ஒரே சாலையில் மீண்டும் மீண்டும் போய் வந்த சித்தப்பாவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த மன்றத்து நண்பர்களுக்கும், இறுதித் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முருகேசனுக்கு நன்றி என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. உங்கள் அனைவர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் லீவு போட்டு, இன்று திருப்பலிக்கு வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் ஒரு சொல் சொல்ல வேண்டாம். கோவில் வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவன் நான்தான். திருப்பலி முடிந்த பிறகும் அங்கேயேதான் நிற்பேன்.