கம்பியை விடாத பிள்ளை

இல்லைத் தம்பி தயாளன், நீங்கள் சொல்லுறது பிழை. போட்டி இல்லாத மாசத்தில பிள்ளையள் ஏன் வரவேணும் எண்டு கேக்கிறியள். ஜிம்னாஸ்டிக் கோச்சின்ர வேலையே அந்த மாசங்களிலதான் இருக்கு. போட்டி கிட்டினால் பிள்ளையளை மெடல் இழுத்துக்கொண்டு வரும். வைகாசியில ஒரு போட்டி முடிஞ்சு, அடுத்தது தைக்குத்தான் எண்டால், இடையில ஆர் இழுக்கிறது? நான்தான். அறுபத்திமூண்டு வயசு, வலது முழங்கால் சரியில்லை, பேரப்பிள்ளையள் மூண்டு.

என்ர மகள் சின்னனில இந்த ஜிம்மில பழகேக்க நான் உந்த வாங்கில குந்தியிருந்து ஒரு ஸ்வெற்றர் பின்னத் தொடங்கினனான். அது இண்டைக்கும் முடியேல்லை. பாத்துப் பாத்து ஆசை வந்து, கோர்ஸ் படிச்சுக் கோச்சா வந்தன். மகள் நிப்பாட்டிப்போட்டாள், நான் நிக்கிறன். வாங்கில காத்திருக்கிற தாய் தேப்பனுக்கும் மெத்தையில நிக்கிற எங்களுக்கும் ஒரே வருத்தம்தான். அதாலதான் தாய் தேப்பன்மாரான உங்களுக்கெல்லாம் சொல்லுறன், கேளுங்கோ.

தலைகீழா நிண்டது

ஆடி மாசம், வெளியில நல்ல வெயில். ஏழு வயசுப் பிள்ளை ஒண்டு சுவரோட காலைச் சாத்தித் தலைகீழா நிக்குது. அறுபது எண்ணும்வரைக்கும் நிக்கவேணும். நான் இருபத்தெட்டு எண்ணேக்க ரெக்ஸ்டேலில இருந்து என்ர தங்கச்சி போன் எடுத்தா. அவவுக்கு எப்பவும் அந்த நேரம்தான் வாய்க்கும், ஒருக்கா என்ர மகளின்ர கலியாணத்தில தாலி கட்டேக்கயும் எடுத்தவ. போனை வெட்டிப்போட்டுப் பாத்தால் எண்ணினது மறந்துபோச்சு.

"எத்தினை, பிள்ளை?" எண்டு கேட்டன். முகமெல்லாம் சிவந்து, தலைகீழா நிண்டபடியே அது என்னைக் கேட்டுது: "ஜட்ஜ் பாக்காட்டி, இது கவுண்ட் ஆகுமா, அன்ரி?"

ஒரு சொல்லு

ஆரணிக்குப் பதினொரு வயசு. உயரக் கம்பியில பிடிச்சு ஆடி, முன்னால வீசி, கால் மேல எழும்பேக்க கையை விட்டு, காத்தில ஒரு கரணம் அடிச்சு இறங்கவேணும். வைகாசிப் போட்டியில அவள் கையை விடேல்லை. ஆடினாள், ஆடினாள், பேந்து ஆட்டம் ஓய்ஞ்சு தொங்கிக்கொண்டு நிண்டாள். முழு மண்டபமும் பாத்துக்கொண்டிருந்தது. அதுக்குப் பிறகு பயிற்சியிலயும் கை விடுபடாது. பயம் கைக்குள்ள போனால் லேசில வெளியில வராது. அந்தப் பிள்ளையை எப்பிடியும் ஜிம்மில இருந்து போகாமல் வைச்சிருக்கவேணும் எண்டதுதான் எனக்கு யோசனை.

ஆடி மாச முடிவில ஒரு வெள்ளிக்கிழமை. கம்பிக்குக் கீழ நிண்டு, முதுகைத் தாங்கக் கையை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சொன்னன்: "விடு. விடு பிள்ளை." களைச்சுப்போய்க் கடைசியாக் கொஞ்சம் சத்தமாயும் சொல்லியிட்டன். அவள் ஆட்டத்தை நிப்பாட்டி இறங்கினாள். மணிக்கட்டில சுத்தியிருந்த பட்டியைக் கழட்டினாள். என்ர முகத்தைப் பாக்கேல்லை. "ஓகே, அன்ரி."

மீன் கடையில

அடுத்த கிழமை அவள் வரேல்லை. அதுக்கடுத்த கிழமையும் இல்லை. போன் எடுத்தால் ஒருத்தரும் எடுக்கினமில்லை. விட்பியில புது வீடு வாங்கிப் போன சனம், தூரமாக்கும் எண்டு நினைச்சன். ஆறாம் கிழமை மோர்னிங்சைட் மீன் கடையில தாய் ஜெசிந்தாவைக் கண்டன். விட்பிக்குப் போனாலும் மீனுக்கு இங்கதான் வருவினம். நானும் விளைமீனுக்குத்தான் போனனான், பேந்து வாங்க மறந்துபோய், வேற என்னவோ ஒரு மீனோட வீட்ட வந்தன்.

ஜெசிந்தா என்ர கையைப் பிடிச்சா. மாரி முழுக்க ஸ்நோவுக்குள்ளால கார் ஓடிக்கொண்டு, "விடு பிள்ளை, ஜிம் இனிப் போதும்" எண்டு அவ மகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் வந்தவவாம். அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்ச தமிழில 'விடு' எண்டால் ஒரே ஒரு அர்த்தம்தான்: நிப்பாட்டு. தாய் சந்தோசமாத்தான் சொன்னா: "ஒரு வருசமா நான் சொல்லிக் கேக்காதவள், நீங்கள் விடு எண்ட உடன கேட்டிட்டாள் அன்ரி. உங்களுக்குப் புண்ணியம்."

காருக்குள்ள

நான் என்னத்தை விடச் சொன்னனான் எண்டு ஜெசிந்தாவுக்கு விளங்கப்படுத்தினன். அவ வெட்டின மீனை வாங்கிப் பையில போட்டா. பேந்து, "பிள்ளை காருக்குள்ள இருக்கிறாள்" எண்டா.

நான் மீன் பையோட போய்க் கார்க் கண்ணாடியில தட்டினன். "நான் கம்பியைத்தான் விடச் சொன்னனான், ராசாத்தி. ஜிம்மை இல்லை. பிழை என்னிலதான்" எண்டன். அவள் அழேல்லை. எனக்குத் தன்னை வேண்டாம் எண்டு ஆறு கிழமையா நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறாள். அதை யோசிக்க எனக்குத்தான் கண் கலங்கினது. முன் சீற்றைப் பாத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "போட்டியில கொம்பீற் பண்ணாட்டியும் நான் வரலாமா, அன்ரி?"

வெள்ளிக்கிழமை

போட்டிக்குப் போற பிள்ளையளின்ர லிஸ்ற்றில இருந்து அவளின்ர பேரை என்ர கையாலதான் வெட்டினன். பெரிய கோச்சுக்குப் பிடிக்கேல்லை, ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. ஜெசிந்தாவும் வெள்ளிக்கிழமை மட்டும் எண்டுதான் ஓமெண்டவ. கம்பிக்குக் கீழ நிண்டு சொல்ல வேற சொல்லு ஆரணியே தந்தாள்: 'இப்ப'. ரெண்டு மாசம் இப்ப, இப்ப எண்டு சொன்னன். கை விடுபடேல்லை.

போன வெள்ளி, நான் வாய் திறக்க முதல், விட்டிட்டாள். சுத்தி வந்த முதுகு என்ர உள்ளங்கையில பட்டும் படாமல் போக, கால் ரெண்டும் மெத்தையில வந்து நிண்டுது. நீங்கள் உந்த வாங்கில இருந்து போன் பாத்துக்கொண்டிருந்தனீங்கள், தம்பி. அவள் மூச்சு வாங்கினாள், கம்பியை நிமிந்து பாத்தாள். "இன்னொருக்கா, அன்ரி."

போட்டிக்குப் பிள்ளை சேர்க்க எண்டு வேலைக்கு வைச்ச ஆள் நான், போட்டிக்கு வரமாட்டன் எண்ட பிள்ளையைத்தான் ஒழுங்காச் சேர்த்து வைச்சிருக்கிறன். சரி தம்பி, சும்மாதானே நிக்கிறியள், வாசலில கையில பூசுற சோக்குத்தூள் பெட்டி வந்து கிடக்கு, அதை ஒருக்கா உள்ள கொண்டு வாங்கோ.