அப்பாவின் ஃபோல்டர் பிடித்திருந்த இடம்

லேப்டாப்பில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. மறுநாள் அலுவலகக் கூட்டம். அதற்கு வேண்டிய கோப்புகளை இறக்க முடியவில்லை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, எது இடத்தை அடைக்கிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்தேன். அப்பாவின் ஃபோல்டர்தான் பெரிதாக இருக்குமென்று பயம். அதை மட்டும் தொட முடியாது. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து நான் சென்னைக்கு வேலைக்குத் திரும்பியபோது, மகளைத் தென்காசியில் அம்மா அப்பாவிடம் விட்டுப் போனேன்; அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவள் அங்கேதான் வளர்ந்தாள். அப்பா தினமும் அவளை வீடியோ எடுப்பார். அவர் போனில் எடுப்பதெல்லாம் என் கிளவுடுக்கு வந்து, லேப்டாப்பிலும் தெரியும்படி நான்தான் செய்து கொடுத்திருந்தேன்.

ஃபோல்டரின் விவரத்தைத் திறந்தேன். மொத்த அளவு நாற்பது ஜிபிக்கு மேல். லேப்டாப்பில் அது பிடித்திருந்த இடம் ஒரு ஜிபிகூட இல்லை. ஏறக்குறைய எல்லா வீடியோவின் பக்கத்திலும் மேகக் குறி. திறந்து பார்த்தவைதான் லேப்டாப்பில் இறங்கியிருக்கும்; மற்றவை மேகக் குறியோடு வெறும் பெயராக நிற்கும்.

"இடம் போதலன்னா அதுவே சிலதக் கிளவுடுக்குத் தள்ளிரும்லா. நீ பாத்ததாக்கூட இருக்கும்," என்றார் கணவர், போனில்.

அப்படியும் இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் வேலை முடிந்து நான் கூப்பிட்டால் அப்பாவின் முதல் கேள்வி, "பாத்தியாட்டி?" என்பதுதான். "பாத்தேன்ப்பா" என்றுவிடுவேன். ஒருநாள் மகளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

"ஏட்டி, கொரங்கு அவ கையில இருந்த பிஸ்கட்டப் பறிச்சுட்டு ஓடுச்சே, பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுட்டு."

அப்பா, "சரிட்டி. சாப்ட்டியா?" என்றார்.

ஐந்தருவி வீடியோவின் பக்கத்திலும் மேகம் இருந்தது. பழைய பயிற்சி வகுப்புப் பதிவுகளை அழித்து, கூட்டக் கோப்புகளுக்கும் சேர்த்து இடம் உண்டாக்கி, முதலில் அதை இறக்கினேன். நான்கு நிமிடம். சாரலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு, அம்மாவின் தோளில் மகள் தூங்குகிறாள். அருவிச் சத்தத்துக்கு மேலே அப்பாவின் குரல்: "இம்புட்டுச் சத்தத்துலயும் எப்படி ஒறங்குதா பாரு, ஒம் மவ."

குரங்கு வரவில்லை. எனக்குத்தான் கண்ணில் படவில்லையோ என்று முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். பிஸ்கட்டும் இல்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அப்பா "பாத்தியா" என்று கேட்டதே இல்லை. அப்போது எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

வீடியோக்களைத் தேதி வரிசையில் அடுக்கினேன். ஐந்தருவிக்கு மறுநாளும் ஒன்று இருந்தது. அதற்கு மறுநாளும். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாள் காலைவரை ஒருநாள்கூட விடவில்லை.

மகளை அழைத்துவரும் நேரம்வரை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு ஒதுக்கிய இடமும் தீர்ந்து, கோடு மறுபடி சிவந்தது.