அறுந்த கயிறும் என் மகளின் வலது கண்ணும்

“இடது கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க. என் விரல் தெரியுதா?” என்று டாக்டர் கேட்டார்.

என் மகள் ரிஸ்வானா இடது கண்ணைக் கையால் மூடினாள். பிறகு, “சிவப்பா இருக்கு டாக்டர். வேற ஒண்ணும் தெரியல” என்றாள்.

அடையாறில் ஒரு கண் மருத்துவமனை. போன வருஷம், பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை. அவள் வாப்பா மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். பக்கத்தில் எனக்கு யாரும் இல்லை. “யா அல்லாஹ்” என்பதற்கு மேல் என் வாயில் வார்த்தை வரவில்லை.

ரிஸ்வானாவுக்கு இருபத்து நான்கு வயது. தேனாம்பேட்டையில் ஆபீஸ் வேலை. ஞாயிறு ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து உப்பங்கழிக்குப் போய்விடுவாள். வாட்டர் ஸ்கீயிங் பழகினாள். காலில் பலகை மாட்டி, படகு இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் நின்று போகிற விளையாட்டு அது. முழுக்கை, முழுக்கால் உடையும் தலைமறைப்பும் நானே தைத்துக் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

அந்தக் கயிறு பழசு. மாற்றச் சொல்லி அவள் முன்பே கேட்டிருக்கிறாள். படகு ஓட்டுகிறவர் சேகர், ஊரூர் குப்பத்துக்காரர். “இந்த சீசன் தாங்கும் பாப்பா” என்று சொல்லிவிட்டார். தண்ணீரிலிருந்து மேலே எழும்புகிற நொடியில்தான் கயிற்றின் மேல் முழு பாரமும் விழும். சரியாக அந்த நொடியில், படகுப் பக்கம் இருந்த முடிச்சில் அது அறுந்தது. மீதிக் கயிறு சவுக்கு போலச் சுருண்டு வந்து அவள் வலது கண்ணில் அடித்தது.

“கண்ணுக்குள்ள ரத்தம் தேங்கியிருக்கு. தலைய உயர்த்தி வெச்சு அசையாம படுக்கணும். தானா வடிஞ்சா நல்லது. அழுத்தம் ஏறினா ஆபரேஷன்தான். பார்வைக்கு இப்ப உறுதி சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

மயிலாப்பூரில் எங்கள் சின்ன வீட்டில் தலையணைகளை அடுக்கி அவளைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். அவள் அழவில்லை. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டாள். நானோ தொழுகை விரிப்பான முசல்லாவை விட்டு எழவில்லை. ஸுஜூதில் நெற்றியை வைத்து, “என் பிள்ளையின் பார்வையைத் திருப்பிக் கொடு ரப்பே. இனி அவளைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்ப மாட்டேன்” என்று கதறினேன்.

பரிசோதனைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் அதிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு அவளுக்குச் சொட்டு மருந்து போடக் குனிந்தேன்.

“ம்மா, உங்க துப்பட்டால பச்சைப் பூ போட்டிருக்கா?”

நிமிர்ந்து பார்த்தேன். நல்ல கண்ணை அவள் உள்ளங்கையால் மூடியிருந்தாள். அடிபட்ட கண்ணால்தான் அந்தப் பூவைப் பார்த்தாள். அல்ஹம்துலில்லாஹ்! அப்படியே ஸுஜூதில் விழுந்தேன்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. வெயில் காலம் வந்தபோது, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விளையாடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவள் பையை எடுத்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“நீ போகக் கூடாது. அல்லாஹ்கிட்ட சொல்லிட்டேன்டி.”

“என்னைக் கேக்காம என் பேர்ல ஏம்மா சொன்னீங்க? அங்க சின்னப் பசங்களுக்கு கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்க. அதே கயிறா இருந்தா? நான் ஸ்கீ பண்ணப் போகல. அதப் பாக்கத்தான் போறேன்.”

வாசலை விட்டு விலகினேன். மறுபடியும் இரண்டு ரகஅத் தொழுதேன். இந்த முறை இதைக் கொடு, அதைக் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை. “எது சரி என்று எனக்குக் காட்டு” என்று மட்டும் கேட்டேன். எழுந்து, அவளுடன் நானும் பஸ் ஏறினேன்.

அதே கயிறுதான். அறுந்த இடத்தில் இன்னொரு முடிச்சு. பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டு வரிசையில் நின்றார்கள். ரிஸ்வானா நேராகப் போய் படகில் உட்கார்ந்துகொண்டாள்.

“எறங்கு பாப்பா, பசங்க வெயிட் பண்றாங்க. முடிச்சு போட்டாச்சு, கெட்டியாத்தான் கீது” என்றார் சேகர்.

“முடிச்சு விழுந்த இடத்துலதாண்ணா பலம் போகும். போன வாட்டி முடிச்சுலதான அறுந்துச்சு?” அவள் குரலை உயர்த்தவே இல்லை. “தொட்டுப் பாருங்க. நீலக் கயிறு வெயில்ல வெளுத்துப்போச்சு. கம்பி மாதிரி வெறச்சுக்கிச்சு. இழையெல்லாம் பிசிறிடுச்சு. கைப்பிடியில வெடிப்பு. இதுல ஒண்ணு தெரிஞ்சாலே மாத்தணும். அறுந்து காட்டட்டும்னு இருக்கக் கூடாது. புதுசு வர்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்.”

சேகர் குனிந்து அவள் வலது கண்ணைப் பார்த்தார்.

“கண்ணு தெரியுதா பாப்பா?”

“தெரியுதுண்ணா.”

“உன்ன பாக்க வரணும்னு நென்ச்சேன். மூஞ்சி காட்ட முடியல.”

படகிலிருந்து கத்தியை எடுத்தார். கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டினார். “எவனும் எடுத்து மறுபடி கட்டிடக் கூடாது” என்றார். அன்று வகுப்பு நடக்கவில்லை. பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளைப் பெற்றவள் நான். ஆனாலும் இவ்வளவு துணிச்சல் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்து நின்றேன். நான் கேட்ட தெளிவு எனக்குக் கிடைத்துவிட்டது. இவளை வீட்டில் பூட்டி வைப்பதற்காக ரப்பு அந்தப் பார்வையைத் திருப்பித் தரவில்லை.

புதுக் கயிறு வந்தது. இப்போது வகுப்புக்கு முன் சேகரே அதைக் கையால் உருவிப் பார்க்கிறார். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுகிறார். என் மகள் மறுபடி தண்ணீர் மேல் எழுந்து நின்ற அன்று நான் கரையில் இருந்தேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கண்ணை மூடவில்லை.

சகோதர சகோதரிகளே, மருத்துவமனை வராந்தாவில் தனியாக உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். கேளுங்கள். அழுது கேளுங்கள். என் அழுகையைக் கேட்டவன் உங்கள் அழுகையையும் கேட்பான். உங்கள் பிள்ளை ஒரு கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் இறங்குவதாக இருந்தால், துஆ செய்துவிட்டு அந்தக் கயிற்றையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.