கிறிஸ்துமஸுக்கு வந்த கல்மரம்

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் வழியில், ஓலைக் கூரை போட்ட ஒரு சின்ன வேதக்கோயிலுக்கு என் அப்பா உபதேசியாராக இருந்தார். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். சபையார் எல்லோரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். ஒவ்வொரு மார்கழியிலும் நைனா பண்ணைக்காரரின் சவுக்குத் தோப்பு ஓரத்தில், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்பார். பண்ணைக்காரர் மனம் வைத்தால் ஒரு மரம் கிடைக்கும். மண்ணெண்ணெய் டின்னில் மணலைக் கொட்டி அதை நட்டு, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றிய மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், தொங்கவிடுவோம். இன்று கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் மரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தச் சவுக்கின் பச்சை வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

நாற்பதுகளின் தொடக்கம் அது, யுத்த காலம். சென்னையில் காலேஜில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் எனக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காத்திருந்தது. படித்தது போதும், வேலையில் சேர்ந்துவிடட்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். நைனாவுக்கு இரண்டு மனசு. கிறிஸ்துமஸ் கழியட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த லீவில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

மரம் வந்து இறங்கியதும் குழந்தைகள் சவுக்கு ஊசியைக் கணுவில் பிய்த்து, மறுபடி செருகி, எங்கே ஒடித்தேன் சொல் பார்க்கலாம் என்று விளையாட ஆரம்பித்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. நீங்கள் பிய்க்கிறது இலையே இல்லை, தண்டு. கணுவைச் சுற்றிப் பொடிப் பல் மாதிரி இருக்கிறதே, அதுதான் இலை என்று பாடம் எடுத்தேன். அதோடு விட்டேனா? சவுக்கு பூக்கிற மரம், கிறிஸ்துமஸ் மரம் ஊசியிலை மரம், இரண்டும் வேறு வேறு குலம் என்றேன். அந்தக் குலம் ஒரு காலத்தில் நம் பக்கத்திலும் நின்றது, திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றனவே, அவற்றில் அதுவும் உண்டு என்றேன். நான் சொன்னதெல்லாம் சரி. சொன்ன இடம்தான் தப்பு.

பொழுது சாய்வதற்குள் சேதி சபை முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை வருஷமாக ஆண்டவர் முன்னால் பொய் மரத்தையா வைத்தோம் என்று பெரியவர்கள் நைனாவிடம் வந்து நின்றார்கள். பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். அம்மா விழுப்புரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய புடவைகளை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள். நைனா வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். இனி காலேஜைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது என்றே நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சபை ஆண்கள் சிலர் ஒரு மாட்டுவண்டியை இரவல் வாங்கிக்கொண்டு எங்கேயோ போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, வண்டியிலிருந்து மூச்சுப் பிடித்து எதையோ இறக்கினார்கள். பார்த்தால் ஆட்டுரல் உயரத்துக்கு ஒரு கல்மரத் துண்டு. பட்டை கல், வைரம் பாய்ந்த நடுக்கட்டை கல், உள்ளே ஓடுகிற ரேகைகளும் கல். நேற்று என் காதில் விழும்படி பேசினாரே, அதே பெரியவர்தான் முன்னால் வந்தார்.

"நெசமான மரம் இங்கியே கெடக்குதுன்னு பாப்பா சொல்லிச்சு. பொறம்போக்குல கெடந்துச்சு, எடுத்துக்கினு வந்துட்டோம். எவங்கிட்டயும் கை கட்டிக்கினு நிக்கல" என்றார்.

நான் படிப்புக்காகச் சொன்னதை அவர்கள் உரிமையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதில் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கல்மரத்தைப் பீடத்துப் பக்கம் நிறுத்தி, சவுக்கையும் விட்டுவிட மனசில்லாமல், அதன் கிளைகளையே சுற்றிலும் கட்டினார்கள். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மரம் சரி, இதன் இலை எங்கே?

டிரங்குப் பெட்டியில் ஓர் இலை இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காலேஜில் கூட்டிப்போனபோது கிடைத்த, இலை அச்சு பதிந்த மண்கல் சில்லு. ஓரம் உடைந்திருந்ததால் நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்கள். நடுவில் மெல்லிய குச்சி, இருபுறமும் சீப்புப் பல் போல இலைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நரம்பு. அதுவும் இதுவும் ஒரே மரமில்லை, இலை கல்மரத்தைவிட மிகமிகப் பழையது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். யார் கேட்டார்கள்? பங்காளிதானே, வைக்கலாம் என்று ஒரு பெண் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சில்லு கைமாறிக் கைமாறிப் போனது. இதற்கும் முந்திய மரங்களில் பெரிய கிளையின் இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும், அதே மரத்தின் சிறு கிளையில் ஒற்றையாக இருக்கும். கிளைத்துக் கிளைத்துப் போன ஒரு சின்னத் தண்டுதான் காலப்போக்கில் குறுகி ஊசியானது என்பது எங்கள் புரொபசரின் கட்சி. அதையும் சொன்னேன். நைனா கடைசியில் சில்லை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எவ்வளவு காலம் இருக்கும் என்று மட்டும் கேட்டார். கோடிக்கணக்கான வருஷம் என்றேன். அம்மா என்னை முறைத்தாள்.

கிறிஸ்துமஸ் காலையில் அந்தச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டே நைனா பிரசங்கம் செய்ய எழுந்தார். என்னைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்து, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த எலை மொளச்ச காலத்துல பார்க்க ஒரு மனுஷக் கண்ணு இல்ல, ஜெபம் பண்ண ஒரு வாயி இல்ல. அப்பவும் ஆண்டவரு ஒவ்வொரு எலைக்கும் ஒரு நரம்ப ஓட்டிக்கினு இருந்திருக்காரு. யாருக்காகன்னு எனக்குத் தெரியல. எம் பொண்ணு மெட்ராசுக்குப் போறா. தெரிஞ்சிக்கினு வந்து சொல்லுவா."

பிறகு வழக்கம்போல மேய்ப்பர்களுக்கும் நட்சத்திரத்துக்கும் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. பெண்கள் வரிசையில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் திண்டிவனத்தில் ரயிலிறங்கி வீட்டுக்கு வருவேன். சாப்பிட்டு முடித்ததும் நைனா கேட்பார், தெரிந்ததா பாப்பா என்று. இலைத் தோலில் உள்ள துளைகள் எப்படி வரிசையாக நிற்கின்றன, எந்த இலை எந்த இலைக்கு மூத்தது என்று படித்ததையெல்லாம் ஒப்பிப்பேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். அது சரி, யாருக்காக என்பார். இன்னும் தெரியவில்லை என்பேன்.

"அப்ப திரும்பிப் போய்ப் படி" என்பார், சபையார் காதில் விழும்படி.

இப்படியே பி.எஸ்ஸி. முடித்தேன், எம்.எஸ்ஸி. முடித்தேன், ஆராய்ச்சிக்கும் போனேன். அவர் உயிரோடு இருந்தவரை, தெரிந்துவிட்டது என்று மட்டும் நான் சொல்லவே இல்லை.